யார் செய்தது? ஆங்கில வாக்கியத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

"ராமா கில்டு ராவணா." தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்த வாக்கியம் மறக்காது. அதற்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்பதும் மறக்காது: "ராவணா வாஸ் கில்டு பை ராமா." பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவா, முன்னால் இருந்ததைப் பின்னால் தள்ளு, நடுவில் ஒரு 'வாஸ்', கடைசியில் ஒரு 'பை'. மார்க் வந்துவிடும். ரென் அண்ட் மார்ட்டினை வைத்துக்கொண்டு இப்படிப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் போட்டிருக்கிறோம். ஆனால் இரண்டு வாக்கியமும் ஒன்றுதான் என்றால் ஒரு மொழி எதற்காக இரண்டையும் சுமந்துகொண்டு திரிகிறது என்று யாரும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "சிலபஸ்ல இருக்கறத மட்டும் படிங்கப்பா" என்று பதில் வந்திருக்கும்.

பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் சேர்ந்தவர்களுக்கு இதன் மறுபாதி காத்திருக்கும். பேக்கனின் நடை 'டெர்ஸ்'. சார்லஸ் லாமின் நடை 'பெர்சனல்'. ஹெமிங்வேயின் நடை 'சிம்பிள் அண்ட் லூசிட்'. எந்த எழுத்தாளரைக் கேட்டாலும் கைடில் இருந்து ஒரு அடைமொழி கிடைக்கும். அது ஏன் அப்படி, எந்த வாக்கியத்தில் எந்தச் சொல் அந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். இலக்கண வகுப்பில் அர்த்தத்துக்கு வேலை இல்லை, இலக்கிய வகுப்பில் இலக்கணத்துக்கு வேலை இல்லை. ஸ்டைலிஸ்டிக்ஸ் என்கிற நடையியல் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற படிப்பு. அதற்குத் தோதான கருவியாக வந்து சேர்ந்தது ஃபங்ஷனல் கிராமர். கோட்பாட்டில் ஆரம்பித்தால் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள் என்பதால் ஒரு துப்பாக்கிச் சூட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

1975 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. இன்றைய ஜிம்பாப்வேக்கு அப்போது ரொடீஷியா என்று பெயர். சிறுபான்மை வெள்ளையர் கையில் ஆட்சி. இன்று ஹராரே என்று சொல்லப்படும் தலைநகர் சாலிஸ்பரியில், ஆப்பிரிக்க தேசிய கவுன்சிலின் தலைவர்கள் கூடியிருந்த நேரத்தில், வெளியே திரண்டிருந்த கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. மறுநாள் லண்டன் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இறந்தவர்கள் 11 பேர் என்பது முதல் நாள் கணக்கு.

கார்டியன் தலைப்பில் முதல் சொல்லே போலீஸ். அவர்கள் சுட்டார்கள், 11 பேர் செத்தார்கள், இடம் சாலிஸ்பரி கலவரம். டைம்ஸ் தலைப்பில் முதலில் நிற்பவர்கள் கலவரம் செய்துகொண்டிருக்கும் கறுப்பர்கள். அவர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். சுட்ட போலீஸ் 'பை' போட்டுப் பின்னால் வருகிறது. நம்முடைய ராமா, ராவணா கணக்குதான். வாய்ஸ் சேஞ்ச் செய்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும் என்றுதானே படித்தோம்? தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிற வாசகருக்கு ஒன்றில் போலீஸ் என்ன செய்தது என்ற செய்தி போகிறது, இன்னொன்றில் கலவரக்காரர்களுக்கு என்ன ஆனது என்ற செய்தி போகிறது. ஒரு தகவல்கூடப் பொய் இல்லை.

டோனி ட்ரூ என்பவர் இந்தச் செய்திகளை நாள் வாரியாகப் பின்தொடர்ந்து படித்தார். அவருடைய ஆய்வு 1979ல் 'லாங்குவேஜ் அண்ட் கன்ட்ரோல்' என்ற தொகுப்பில் வந்தது. ரோஜர் ஃபவுலர், பாப் ஹாட்ஜ், குந்தர் க்ரெஸ் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் அது. ட்ரூ கண்டது இதுதான். டைம்ஸில் முதல் நாள் 'பை' போட்டாவது உள்ளே இருந்த போலீஸ், அடுத்த நாள் செய்தியில் அதுவும் இல்லாமல் காணாமல் போகிறது. கலவரத்தில் இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்றாகிறது. தலையங்கத்துக்கு வரும்போது 'கொல்லப்பட்டார்கள்' என்ற வினையும் போய்விடுகிறது. மிஞ்சுவது கலவரமும் வருந்தத்தக்க உயிரிழப்பும். வினையாக இருக்கும்வரை "யார்?" என்று ஒரு கேள்வி தொக்கி நிற்கும். பெயர்ச்சொல்லாக மாறிவிட்டால் அந்தக் கேள்வி கேட்க இடமே இல்லை. 'உயிரிழப்பு' என்பது மழை மாதிரி தானாக வந்து விழுந்த ஒன்று ஆகிவிடுகிறது.

அலுவலகத்தில் உட்கார்ந்து யாராவது சதி செய்து இப்படி எழுதினார்களா? அப்படி நினைக்க வேண்டியதில்லை. அவசரத்தில் தலைப்பு போடுகிற சப் எடிட்டருக்குத் தன் பத்திரிகை உலகத்தை எங்கே நின்று பார்க்கிறதோ அங்கிருந்துதான் வாக்கியம் வரும். அதனால்தான் இலக்கணம் சுவாரசியமான சாட்சி. கருத்தைச் சொல்லும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். எழுவாய் எதுவென்று முடிவு செய்யும்போது அவ்வளவு ஜாக்கிரதை இருப்பதில்லை.

ட்ரூவுக்கு இந்தக் கருவியைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஹாலிடே. 1925ல் லீட்ஸில் பிறந்தவர், 2018ல் சிட்னியில் மறைந்தார். இவர் ஆங்கில இலக்கணத்தை ஆங்கிலத்தில் இருந்து தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் சீன மொழி கற்றுக்கொண்டு, பிறகு படைவீரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து, பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்து, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டத்துக்கும் ஒரு சீன மொழிப் பிரதியையே எடுத்துக்கொண்டவர். லத்தீன் இலக்கணத்தின் அச்சில் ஆங்கிலத்தைத் திணிக்கும் பழைய பழக்கம் அவரிடம் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஹாலிடேயின் ஆசிரியர் ஜே.ஆர். ஃபர்த். 1920களில் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். நமக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கணப் புத்தகத்துக்கு 1934ல் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு பின்னிணைப்பு எழுதியவர் இதே ஃபர்த்தான். சொல்லைத் தனியாகப் பிய்த்து எடுத்து அர்த்தம் பார்க்கக் கூடாது, அது புழங்குகிற சூழலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தை ஒரு முழு இலக்கணமாக வளர்த்தெடுத்தது ஹாலிடே. 'அன் இன்ட்ரொடக்ஷன் டு ஃபங்ஷனல் கிராமர்' 1985ல் வந்தது.

இந்த இலக்கணத்தின் அடிப்படை எளிது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது. நடந்ததை ஒரு விதமாகச் சித்தரிக்கிறது, அதாவது யார் என்ன செய்தார், யாருக்கு நேர்ந்தது. கேட்பவரோடு ஒரு உறவை வைத்துக்கொள்கிறது. கட்டளையா, கெஞ்சலா, எவ்வளவு உறுதி, எவ்வளவு தயக்கம். மூன்றாவதாக, முன்னால் போன வாக்கியத்தோடும் பின்னால் வரப்போவதோடும் தன்னை இணைத்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு ஐடியேஷனல், இன்டர்பெர்சனல், டெக்ஸ்சுவல் என்று பெயர். பரீட்சைக்குப் பெயர் வேண்டும், படிக்கும்போது கேள்விதான் வேண்டும்.

முதல் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு பையன் பரீட்சையில் தேறவில்லை. இந்த ஒரே சங்கதியை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் சொல்லலாம்?

"தி டீச்சர் ஃபெயில்டு ஹிம்." ஆசிரியர் ஒரு செயலைச் செய்கிறார், பையன் அதை வாங்கிக்கொள்கிறான். "ஹி ஃபெயில்டு." இப்போது ஆசிரியர் இல்லை, பொறுப்பு மொத்தமும் பையன் தலையில். "ஹி நியூ ஹி ஹேட் ஃபெயில்டு." வெளியில் எதுவும் நடக்கவில்லை, அவன் மனசுக்குள் நடக்கிறது. "தி மார்க் ஷீட் செட் ஃபெயில்." காகிதம் பேசுகிறது, போட்டவர் ஒளிந்துகொண்டார். "ஹி வாஸ் எ ஃபெயிலியர்." இதில் செயலே கிடையாது. ஒரு நாள் மத்தியானம் நடந்தது அவனுடைய அடையாளமாக ஆகிவிட்டது. "தேர் வேர் டென் ஃபெயிலியர்ஸ் திஸ் இயர்." பையனும் போய்விட்டான், எண்ணிக்கை மட்டும் இருக்கிறது, தலைமை ஆசிரியர் ரிப்போர்ட்டில் வருகிற வாக்கியம் இது.

ஹாலிடே வினைகளை இப்படித்தான் பிரிக்கிறார். செய்வது, உணர்வது, சொல்வது, இருப்பது, இன்னதாக இருப்பது. இருமல், சிரிப்பு மாதிரி உடம்புக்கும் மனசுக்கும் இடையில் நிற்பவற்றுக்குத் தனியாக ஒரு பெட்டி. ஆக மொத்தம் 6 வகை. எல்லைகள் அங்கங்கே வழுக்கும். ஒரே வினையை இரண்டு பேர் இரண்டு வகையில் போடுவார்கள். அதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிற கருத்தரங்குகள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. வகை பிரிப்பது முக்கியமில்லை, மேலே இருக்கிற ஆறு வாக்கியத்தில் ஒன்றை எழுதியவர் மற்ற ஐந்தை எழுதாமல் விட்டார் என்பதுதான் முக்கியம். நடையியல் என்று ஒன்று இருந்தால் அது இந்த விட்டதையும் எழுதியதையும் சேர்த்துப் பார்ப்பதுதான்.

இரண்டாவது வேலைக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். ரயில் தாமதமானால் பிளாட்பாரத்து ஒலிபெருக்கியில் வருகிற ஆங்கிலத்தைக் கேளுங்கள்: "தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்." நாம் சிரமப்படுவது பெயர்ச்சொல்லாகிவிட்டது. 'காஸ்டு' என்றால் யாரோ உண்டாக்கியது. யார் என்று இல்லை. 'ரிக்ரெட்டட்' என்றால் யாரோ வருந்துவது. அதுவும் யார் என்று இல்லை. மூன்று இடம், ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் வருத்தம் மட்டும் மிக ஆழமானது! தமிழ் அறிவிப்பில் "வருந்துகிறோம்" என்று முடித்தே ஆக வேண்டியிருப்பதால் 'நாங்கள்' விகுதியிலாவது மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த உறவு விஷயத்தில் ஹாலிடே கவனித்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். "ஐ திங்க் இட் இஸ் கோயிங் டு ரெயின்" என்கிறோம். பள்ளி இலக்கணப்படி இங்கே எழுவாய் 'ஐ', வினை 'திங்க்'. அப்படியானால் கடைசியில் கேள்வி வால் ஒட்டினால் "டோன்ட் ஐ?" என்றுதானே வர வேண்டும்? எந்த ஆங்கிலேயரும் அப்படிச் சொல்ல மாட்டார். "இஸ்ன்ட் இட்?" என்பார். அதாவது பேச்சு மழையைப் பற்றி, என் யோசனையைப் பற்றி இல்லை. 'ஐ திங்க்' என்பது வாக்கிய வேஷம் போட்ட ஒரு 'ஒருவேளை'. அலுவலக மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கு இது தெரியும். "ஐ திங்க் வீ ஷுட் ரீவிசிட் திஸ்" என்று மேலாளர் எழுதினால் அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு யாரும் சும்மா இருப்பதில்லை.

மூன்றாவது வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தின் முதலில் நிற்பதற்குத் தீம் என்று பெயர். பேச்சு எங்கிருந்து புறப்படுகிறது என்பதை அது காட்டும். "தி பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓபன்டு இன் 1914. இட் வாஸ் பேட்லி டேமேஜ்டு பை தி சைக்ளோன் ஆஃப் 1964." இரண்டுமே செயப்பாட்டு வினை. இரண்டாவதை "எ சைக்ளோன் டேமேஜ்டு இட்" என்று மாற்றினால் பாலத்தைப் பற்றிப் போய்க்கொண்டிருந்த பேச்சு சட்டென்று புயலுக்குத் தாவும். பாலத்தின் கதையைச் சொல்கிறவருக்குப் பாலம்தான் முன்னால் நிற்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாலிஸ்பரி கதையைக் கேட்டதும் பலர் பேஸிவ் வாய்ஸ் என்றாலே பித்தலாட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல்லே 1946ல் அரசியலும் ஆங்கிலமும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினை போடக்கூடிய இடத்தில் செயப்பாட்டு வினை போடாதே என்று விதி போட்டார். அதே கட்டுரையில் அவர் தாராளமாகச் செயப்பாட்டு வினையைப் போட்டிருக்கிறார் என்று பிற்பாடு எண்ணிக் காட்டினார்கள். அவர் மேல் தப்பில்லை, விதிதான் மொண்ணை. எந்த அமைப்பும் தன்னளவில் யோக்கியமும் இல்லை, அயோக்கியமும் இல்லை. அந்த இடத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்று கேட்பதால்தான் இதற்கு ஃபங்ஷனல் என்று பெயர்.

இனி இலக்கியம். வில்லியம் கோல்டிங் என்றால் எல்லோருக்கும் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நினைவுக்கு வரும். அதற்கு அடுத்த ஆண்டு, 1955ல் வந்த 'தி இன்ஹெரிட்டர்ஸ்' அதைவிடத் துணிச்சலான நாவல். நியாண்டர்தால் மனிதக் குழு ஒன்று, அதன் நிலத்துக்குள் வந்து சேருகிற நம் இனத்து மனிதர்கள். நாவலின் பெரும்பகுதியை லோக் என்ற நியாண்டர்தாலின் பார்வையில் இருந்தே சொல்கிறார் கோல்டிங். இதைப் பற்றி ஹாலிடே எழுதி 1971ல் வெளிவந்த கட்டுரையைத்தான் நவீன நடையியலின் ஆரம்பப் பாடமாகப் பல பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள்.

ஒரு காட்சி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதர் மறைவில் ஒரு ஆள். அவன் வில்லை எடுத்து, நாணை இழுத்து, லோக்கைக் குறிவைத்து அம்பு விடுகிறான். இப்போது நான் சொன்னது நம்முடைய இலக்கணம். அவன் எடுத்தான், இழுத்தான், விட்டான். ஒவ்வொரு வினைக்கும் செய்தவன் உண்டு, செயப்படுபொருள் உண்டு. லோக்குக்குத் தெரிவது இது இல்லை. ஒரு குச்சி நிமிர்கிறது. அது இரண்டு பக்கமும் குட்டையாகிறது, மறுபடி நீளமாகிறது. காதுப் பக்கத்தில் மரம் சத்தம் போடுகிறது. மரத்தில் புதிதாக ஒரு கிளை முளைத்திருக்கிறது, அதில் வேறு ஏதோ வாசனை அடிக்கிறது. குச்சி குட்டையானதற்கும் மரத்தில் கிளை வந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதே லோக்குக்குத் தோன்றவில்லை. தன்னை ஒருவன் கொல்லப் பார்த்தான் என்பது அவனுக்கு எட்டாத விஷயம்.

முதல் முறை படிக்கிறவருக்கு இது குழப்பமான, விநோதமான எழுத்து, அவ்வளவுதான். ஹாலிடே ஒவ்வொரு துணை வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு மனிதர் ஒரு பொருளை ஏதாவது செய்கிற மாதிரியான வாக்கியங்கள் லோக் பகுதியில் மிக அபூர்வம். நகர்வது, நிற்பது, திரும்புவது போன்று செயப்படுபொருள் வேண்டாத வினைகளே அதிகம். கிட்டத்தட்டப் பாதி இடங்களில் எழுவாயாக மனிதரே இல்லை; கண், மூக்கு, கால் அல்லது குச்சி, கிளை. பார்ப்பது லோக் இல்லை, அவன் கண். முகர்வது அவன் இல்லை, அவன் மூக்கு. காரணம், விளைவு என்ற சங்கிலி இன்னும் உருவாகாத ஒரு மனத்தை கோல்டிங் விவரித்துச் சொல்லவில்லை. இலக்கணத்தாலேயே கட்டிக் காட்டுகிறார். நாவலின் கடைசி அத்தியாயத்தில் பார்வை புதிய மனிதர்களிடம் போனதும் வாக்கியங்களும் மாறிவிடுகின்றன. ஆட்கள் செய்கிறார்கள், பொருள்கள் அசைகின்றன. படிக்கிற நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அப்படித் தோன்றும்போதே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும், ஏனென்றால் அந்த வீட்டுக்காரர்கள்தான் லோக்கின் கூட்டத்தை அழித்தவர்கள்.

எண்ணிப் பார்க்காமலேயே இதை ஒரு நல்ல வாசகர் உணர முடியாதா? முடியும். உணர்ந்ததை இன்னொருவரிடம் விரலால் தொட்டுக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

எல்லோரும் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலக்கியக்காரர்களுக்கும் மொழியியல்காரர்களுக்கும் 1960களில் பெரிய தகராறு. 'எஸ்ஸேஸ் இன் கிரிட்டிசிசம்' இதழில் ரோஜர் ஃபவுலரோடு மல்லுக்கு நின்ற எஃப்.டபிள்யூ. பேட்சன், தன் சகோதரியை ஒரு மொழியியல்காரருக்குக் கட்டிக்கொடுப்பேனா என்று கேட்டுக்கொண்டு, நம் குடும்பத்துக்கு அது வேண்டாம் என்கிற தொனியில் பதில் எழுதினார். இதெல்லாம் அந்தக் காலத்து அறிவுஜீவிச் சண்டை. உருப்படியான அடி இலக்கிய விமர்சகர் ஸ்டான்லி ஃபிஷ் கொடுத்ததுதான். ஸ்டைலிஸ்டிக்ஸைப் பற்றி ஏன் இவ்வளவு பயங்கரமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேலியாகத் தலைப்பு வைத்து 1973ல் வந்த கட்டுரையில் ஹாலிடேயின் இந்த ஆய்வையே குறிவைத்தார்.

அவர் வாதம் இது. செயப்படுபொருள் இல்லாத வினைகள் அதிகம் என்று எண்ணிச் சொல்கிறீர்கள், சரி. அதனால் லோக்குக்குக் காரண காரிய அறிவு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இயற்கையைத் தன் கைக்கு அடங்கிய பொருளாக நினைக்காமல் அதோடு ஒன்றி வாழ்கிறான் என்றும் அதே எண்ணிக்கையை வைத்துச் சொல்லலாமே? எண்ணிக்கை ஒரு இடத்தில் நிற்கிறது, அர்த்தம் இன்னொரு இடத்தில் நிற்கிறது, நடுவே நீங்கள் தாண்டிக் குதிக்கிறீர்கள்.

ஃபிஷ் சொன்னதில் பாதி நூற்றுக்கு நூறு சரி என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கும் பி.எச்டி. ஆய்வேடுகளில் இந்த நோய் உண்டு. ஒரு கதையை எடுத்துக்கொள்ள வேண்டியது, மெட்டீரியல் ப்ராசஸ் (செய்வது) இத்தனை சதவீதம், மென்டல் ப்ராசஸ் (உணர்வது) இத்தனை சதவீதம் என்று அட்டவணை போட வேண்டியது, "ஆகவே இது உளவியல் ஆழம் மிக்க படைப்பு" என்று முடிக்க வேண்டியது. அட்டவணைக்கும் அந்த 'ஆகவே'வுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. ஆனால் மறுபாதி? ஃபிஷ் காட்டிய மாற்று வாசிப்பும் அதே வாக்கிய அமைப்பில் இருந்துதான் வருகிறது. லோக் கெட்டிக்கார வேட்டைக்காரன், எதையும் திட்டமிட்டுச் சாதிக்கிறவன் என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியங்கள் ஒத்துக்கொள்ளாது. இலக்கணம் ஒரே அர்த்தத்தைத் தீர்ப்பாகச் சொல்லிவிடாது. சில அர்த்தங்களை உள்ளே விடாமல் தடுக்கும். எனக்கு அது போதும்.

எண்ணாமல் செய்யக்கூடிய வாசிப்புக்கு ஹெமிங்வேயின் 'கேட் இன் தி ரெய்ன்' நல்ல இடம். 1925ல் வந்த 'இன் அவர் டைம்' தொகுப்பில் இருக்கிறது, சில பக்கங்களே. இத்தாலியில் ஒரு ஹோட்டல், வெளியே மழை. ஒரு அமெரிக்கத் தம்பதி. மழைக்கு மேசையின் அடியில் ஒடுங்கியிருக்கும் பூனையை மனைவி ஜன்னலில் இருந்து பார்க்கிறாள். எடுத்து வரக் கீழே போகிறாள். பூனை இல்லை. திரும்பி வருகிறாள். கணவன் கட்டிலில் படித்துக்கொண்டிருக்கிறான்.

'சிம்பிள் அண்ட் லூசிட்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பெயர்களைப் பாருங்கள். கணவனுக்கு ஜார்ஜ் என்று பெயர் இருக்கிறது, மனைவிக்கு இல்லை. ஆரம்பத்தில் அவள் 'அமெரிக்க மனைவி'. கீழே போய் மழையில் பணிப்பெண்ணோடு நிற்கும்போது கதைசொல்லி அவளை 'அமெரிக்கப் பெண்' என்கிறார், அதுவும் 'கேர்ள்'. அறைக்குள் வந்த பிறகு ஜார்ஜின் பக்கத்தில் 'அவன் மனைவி' ஆகிவிடுகிறாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அழைக்கும் விதம் மட்டும் மாறுகிறது. அவளுடைய வினைகளையும் கவனியுங்கள். ஹோட்டல்காரரைப் பற்றி வரும்போது 'லைக்டு' திரும்பத் திரும்ப வருகிறது. அறைக்குள் வந்ததும் 'வான்ட்' அடுக்கடுக்காக வருகிறது. நீளமான கூந்தல் வேண்டும், பூனை வேண்டும், சொந்த வெள்ளிப் பாத்திரங்களோடு மேசை வேண்டும், வசந்தம் வேண்டும். எல்லாமே மனசுக்குள் நடக்கிற வினைகள். அவள் விருப்பம் வெளியில் ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை.

கடைசியில் கதவு தட்டப்படுகிறது. பணிப்பெண் கையில் ஒரு பெரிய பூனை. ஹெமிங்வே இங்கே 'தி' போடாமல் 'எ' போடுகிறார். முன்னால் பார்த்த பூனை என்றால் 'தி' வர வேண்டும். அப்படியானால் இது வேறு பூனையா? அல்லது கதவு திறக்கும் அந்த நேரத்தில் கதை ஜார்ஜின் கண்ணுக்குப் போய்விட்டதா? அவன் எழுந்து ஜன்னலுக்கே போகாதவன். அவனுக்கு எந்தப் பூனையும் 'ஒரு' பூனைதான். டேவிட் லாட்ஜ், ரொனால்ட் கார்ட்டர் மாதிரி ஆட்கள் 1980களின் தொடக்கத்தில் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு இதையெல்லாம் அலசியிருக்கிறார்கள். முடிவு எட்டப்படவில்லை. ஒற்றை எழுத்து ஆர்ட்டிக்கிளுக்குள் இவ்வளவு நடக்கிறது என்று தெரிந்த பிறகு 'சிம்பிள்' என்று எழுதக் கை வராது.

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேராக ஹாலிடேயின் பெரிய புத்தகத்தில் கை வைக்காதீர்கள். கிறிஸ்டியன் மாத்தீசன் சேர்ந்து திருத்திய நான்காம் பதிப்பு 2014ல் வந்தது, 700 பக்கத்துக்கு மேல்; நடுவழியில் நின்றுபோனவர்கள் நிறைய. ஜெஃப் தாம்சனின் 'இன்ட்ரொட்யூசிங் ஃபங்ஷனல் கிராமர்' அதற்கு நல்ல வாசல். நடையியலுக்கு மிக் ஷார்ட்டின் புத்தகம், அல்லது பால் சிம்சன் 2004ல் எழுதியது. இவற்றோடு கூடவே ஒரு பயிற்சி செய்யுங்கள். அன்றைய ஆங்கில நாளிதழில் ஒரு விபத்துச் செய்தியை எடுத்து, வினைகளை மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் செய்தவர் யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். விடை கிடைக்காத வினைக்குக் கேள்விக்குறி போடுங்கள். பிறகு அந்தக் கேள்விக்குறி வாக்கியங்களை மட்டும், ஆள் தெரிகிற மாதிரி மாற்றி எழுதிப் பாருங்கள். சிலவற்றை மாற்றினால் செய்தி கெட்டுப்போகும்; சிலவற்றை மாற்றினால் வழக்கு வந்துவிடும். எது எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஹாலிடேயும் அவர் மனைவி ருக்கையா ஹசனும் சேர்ந்து 1976ல் எழுதிய 'கொஹிஷன் இன் இங்கிலிஷ்' பற்றி இங்கே எதுவும் பேசவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் 'இட்', 'திஸ்', 'ஒன்' எல்லாம் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பது தனிப் பதிவுக்கான சரக்கு. ஹெமிங்வே கதையை இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, அந்தக் கடைசிப் பூனை பழைய பூனையா புதுப் பூனையா என்று எழுதுங்கள். எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.